ஒரு சைஸ் பெருசு

மங்கையர்க்கரசி செயினைப் பார்ப்பதுபோலக் குனிந்து உட்கார்ந்தாள். செயினில் என்ன பார்க்க வேண்டும் என்பது அடியோடு மறந்துபோயிருந்தது. பழைய ரேஸ் சைக்கிள் வாங்குகிறவர்கள் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று ஒரு வாரமாக அடுப்படியில் போனைச் சாய்த்துவைத்து வீடியோ வீடியோவாகப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தாள். அதெல்லாம் இந்த அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கும் சரிவிலேயே எங்கோ கொட்டிப்போய்விட்டது. இருந்தாலும் விவரம் தெரிந்தவள்போல உதட்டைப் பிதுக்கி, செயினை ஒரு விரலால் தொட்டு, ஒட்டிய கறுப்பைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள். இப்படித் தேய்த்துப் பார்க்கச் சொல்லி எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. கத்தரிக்காய்க் காம்பைத் திருகிப் பார்த்தே பழகிய கை, சும்மா இருக்கமாட்டாமல் செய்துவிட்டது. விற்கிற தீனதயாளன் பக்கத்தில் மரியாதையாகக் கைகட்டி நின்றான். முப்பது வயது இருக்கும். முகத்தில் கள்ளம் இல்லை. கள்ளம் இல்லாத முகம்தான் அவளுக்குப் பயமாக இருந்தது, ஏமாற்றினால் கோபித்துக்கொள்ளக்கூட முடியாதே. தூணில் இரண்டு சைக்கிள்கள் சாய்ந்திருந்தன. ஒன்று நீலம், உயரம், அப்போதுதான் எண்ணெய் தேய்த்துக் குளித்ததுபோல மினுங்கியது. இன்னொன்று புளியங்கொட்டை நிறம், சின்னது, மேல் கம்பியில் ஒரு நீளக் கீறல். இரண்டுக்கும் ஆட்டுக்கொம்புபோல வளைந்த ஹேண்டில்பார், விரல் தடிமனில் டயர். "ரெண்டும் ஒரே வெலதானுங்க்கா," என்றான் தீனதயாளன். "நீலம் என்னுது. இது எம்பட சம்சாரம் வான்மதியோடது. என்னுதுல கியர், வீலு எல்லாமே ஒசத்தி. ஆனா அவ வெலயக் கொறைக்க ஒத்துக்கல, எனக்கு என்னுது சீக்கிரம் வித்துப் போனாப் போதும். அதான் ஒண்ணே வெலயா வெச்சுட்டோமுங்க." ஒரே விலை. அவள் போனஸும் ஓவர்டைமும் சேர்த்துக் கொண்டுவந்த பணத்துக்குக் கச்சிதமான விலை. அங்கேதான் மனசு மாட்டிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. ஒரே விலைக்கு உசத்தியானது இருக்கும்போது மட்டமானதை எடுப்பவளை ஊரில் என்னவென்று சொல்வார்கள்.

"ஏனுங் தம்பி, எதுக்குக் குடுக்கறீங்க?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டாள். "வீடு மாத்தறமுங்க்கா, ஓசூருக்கு. அங்க மூணாவது மாடி, லிஃப்ட்டு இல்லீங்," என்று அவனும் மூன்றாவது முறையாக, முகம் சுளிக்காமல் சொன்னான். சரிதான். ஆனால் லிஃப்ட் இல்லாத வீட்டுக்கு எதற்குப் போகிறார்கள், ஏதாவது கடனா, சண்டையா, இந்த வண்டியில் யாராவது விழுந்து எதையாவது உடைத்துக்கொண்டார்களா. உடைத்துக்கொண்டவர்களைப் பார்ப்பதுதானே அவள் பிழைப்பு. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். இருபது வருஷமாக, மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, இப்ப விடலாமுங்க என்று சொல்லிச் சொல்லி, கனவில்கூட யாருக்காவது அதைச் சொல்லிக்கொண்டிருப்பதாக அவள் கணவர் கேலி செய்வார். திரையில் படம் விழுந்ததும் அவளுக்குத் தெரிந்துவிடும். மயிரிழை விரிசல் என்றாலும் கண்ணுக்குப் படும். வெளியே வந்தால் அம்மாமார்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள், கண்ணு, எலும்பு ஒடைஞ்சிருக்கா என்று. டாக்டர் சொல்லுவாருங்க என்பாள். பார்க்கலாம், சொல்லக் கூடாது. அதுதான் அவள் வேலை. இப்போது அதே கண்ணால் புளியங்கொட்டை நிறச் சைக்கிளின் கீறலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தாள். எலும்பாக இருந்தால் ஒட்டிய இடம் கொஞ்சம் தடித்துப்போய்த் தெரியும், இரும்பு ஒட்டாது. நகத்தை வைத்து இழுத்தாள். நகம் எங்கேயும் மாட்டவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. பெயின்ட் மட்டும்தான். "ஆனகட்டி எறக்கத்துல செவுத்துல ஒரசிட்டா," என்றான் தீனதயாளன். "வண்டிக்கு ஒண்ணும் இல்ல. அவளுக்குந்தான்." மங்கைக்கு ஏனோ அந்த வான்மதியைப் பார்க்காமலே பிடித்துப்போயிற்று. மலை இறக்கத்தில் சுவரில் உரசிவிட்டு, அதற்குப் பிறகும் விலையைக் குறைக்கமாட்டேன் என்கிறவள்.

நீலத்தையே எடு என்றது மனசு. சீட்டை இறக்கிக்கொள்ளலாம். எதைத்தான் இறக்கிக்கொள்ளாமல் இருந்தோம். ஒப்பணக்கார வீதி ஜவுளிக்கடையில் அம்மா அவளைக் கடைக்காரர் முன்னால் திருப்பி நிறுத்தி, முதுகில் துணியை வைத்துப் பார்த்துச் சொன்ன குரல் இந்தக் கார் நிறுத்துமிடத்தின் எதிரொலியில் கேட்டது. வளர்ற புள்ளைங்க, ஒரு சைஸ் பெருசாவே குடுங்க. யூனிஃபார்ம் பாவாடைக்கு நாலு மடிப்பு. வருஷத்துக்கு ஒன்றாகப் பிரிப்பார்கள், பிரித்த இடம் மட்டும் வெளுக்காமல் அடர்நீலமாகப் பட்டை பட்டையாகத் தெரியும். எத்தனாவது படிக்கிறாள் என்று பாவாடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஷூவின் முனையில் பஞ்சு. மழைக்கோட்டின் கையை இரண்டு முறை மடித்துவிட்டால்தான் விரல் வெளியே வரும். அம்மாவைக் குறை சொல்ல முடியாது, மில் சம்பளத்தில் மூன்று பேருக்கு உடுத்தக் கொடுத்தவள். மங்கை பதினாலு வயதோடு வளர்வதை நிறுத்திக்கொண்டாள், அதை யாரும் கவனிக்கவில்லை, அவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை. கல்யாண ரவிக்கையில் உள்ளே ரெண்டு விரற்கடை துணி விட்டுத் தைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டு மோதிரம் விரலில் சுழன்றது, அடியில் நூல் சுற்றிக்கொடுத்தார்கள். நூல் அழுக்காகும்போதெல்லாம் மாற்றிச் சுற்றிக்கொண்டிருக்கிறாள், இன்றைக்கும்தான், இதோ, செயின் கறுப்பு அதிலும் ஒட்டியிருக்கிறது. மூன்று பேர் சாப்பிட அஞ்சு லிட்டர் குக்கர். யோசித்துப் பார்த்தால் அவள் வாழ்க்கையில் எதுவும் புதுசாக இருந்தபோது பொருந்தியதில்லை. பொருந்துகிற காலத்தில் பழசாகிக் கிழிந்துவிடும். இதை நினைத்ததும் துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சைக்கிள் வாங்க வந்த இடத்தில் இதென்ன அழுகை என்று தன்னையே அதட்டிக்கொண்டு எழுந்தாள். முழங்கால் சொடக்கு விட்டது.

"நீலத்த ஓட்டிப் பாக்கறீங்களாக்கா?" என்றான் அவன். பார்க்கிறேன் என்று வாய் சொன்னது, கை தானாகப் போய்த் தாடையின் அடியைத் தொட்டது. அங்கே ஒரு பழைய தழும்பு. எட்டாம் வகுப்பில் அப்பா அவளுக்கென்று ஒரு சைக்கிள் கொண்டுவந்தார், மில்லில் கூட வேலை செய்தவரிடம் வாங்கியது, பெரிய ஆம்பளை வண்டி. கால் எட்டுற வரைக்கும் அரைப்பெடல் போடு கண்ணு என்றார். கம்பிக்கு அடியில் காலை நுழைத்து, இடுப்பை ஒடித்து, ஒரு மாதிரி நண்டு நடையாகச் சிங்காநல்லூர் ரோட்டில் போனாள். போவதில் ஒன்றும் கஷ்டமில்லை. நிறுத்துவதில்தான். எதிரே மாட்டுவண்டி வந்தது, காலை ஊன்ற ரோட்டைத் தேடினாள், ரோடு கிடைக்கவில்லை. தாடையில் தையல் போட்டு வீட்டுக்கு வந்தபோது அப்பா, இவளுக்குக் கொஞ்ச நாள் போகட்டும், அதுவரைக்கும் தம்பி ஓட்டட்டும் என்றார். தம்பி கதிரேசன் வளர்ந்தான். வண்டியும் அவனுக்குப் பொருந்திப்போயிற்று. கொஞ்ச நாள் என்பது முப்பத்தி மூன்று வருஷம். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, அதுதான் இதில் சங்கடமே. போன தை மாதம் ஆஸ்பத்திரி பின்பக்க மைதானத்தில், கூட வேலை செய்கிற ஷமீம் தன் ரேஸ் சைக்கிளைக் கொடுத்து ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்கக்கா என்று தள்ளிவிடும்வரை அவள் சைக்கிளைத் தொடவில்லை. ஷமீம் அவளைவிடக் குள்ளம். ஒரே ஒரு ரவுண்டு. ஒரு மிதி மிதித்தால் நாலு மிதிக்கு உண்டான தூரம் போனது. காதில் காற்று. இறங்கவே மனசில்லாமல் இறங்கினாள். அன்றைக்குத்தான் முடிவு செய்தாள். ஷமீமும் இன்னும் நாலு பெண்களும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சிறுவாணி ரோட்டில் போகிறார்கள், அவர்களோடு போவது என்று. வாங்குவது ஒரு தடவைதான். தப்பான வண்டியை வாங்கிவிட்டால் இன்னொரு தடவை கேட்க அவளுக்கு வாய் வராது. கணவர் வாங்கிய நடை மெஷின் மாதிரி இதுவும் காலி அறையில் நின்று, துண்டும் உள்பாவாடையும் காயப்போட ஆகிவிடும்.

நினைத்ததும் அவரே கூப்பிட்டார். கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. "என்ன மங்கை, எடுத்தாச்சா?" என்றார் ரத்தினசபாபதி. பின்னால் பம்ப் கம்பெனியின் இரைச்சல். "ரெண்டு வண்டி இருக்குதுங்க. நீலம் ஒண்ணு பெருசு, நல்லாருக்குது. இன்னொண்ணு சின்னது, கொஞ்சம் பழசு. ஒரே வெல." "ஒரே வெலன்னா இதுல யோசிக்க என்ன இருக்குது? பெருச எடு. சின்னத எடுத்தா உனக்கு மட்டுந்தான் ஆகும். பெருசுன்னா நானும் ஓட்டலாம், நாளைக்கு உந்தம்பி வந்தா அவனும் ஒரு ரவுண்டு போவான். வீட்டுக்கு ஆகும் பாரு." நல்ல மனுஷர். வாங்காதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, கேலி செய்தாரே தவிரத் தடுக்கவில்லை. சரிங்க, ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றனுங்க என்று போனை வைத்தாள். வைத்த பிறகுதான் அந்த வாக்கியம் உள்ளே இறங்கிற்று. உனக்கு மட்டுந்தான் ஆகும். அதைக் குறையாகச் சொன்னார். அவளும் ஒரு வினாடி குறையாகத்தான் கேட்டுக்கொண்டாள். தனக்கு மட்டும் ஆகிற பொருளை வீட்டுக்குள் கொண்டுவருவதாவது. நீலம் வந்தால் என்ன நடக்கும் என்று பார்த்தாள், படம் திரையில் விழுவதுபோல அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. முதல் வாரம் சீட்டை இறக்குவார்கள். இரண்டாவது ஞாயிறு அவள் தடுமாறுவாள். கொஞ்ச நாள் போகட்டும் என்பார் ரத்தினசபாபதி. அதுவரைக்கும் நான் ஓட்டறேன் என்பார். தெரிந்தும், பழக்கதோஷம், பக்கத்தில் யாராவது வந்து சின்னதையே எடு என்று சொல்லட்டும் எனக் காத்து நின்றாள்.

துப்பட்டாவை இடுப்பில் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு நீலத்தில் ஏறினாள். தீனதயாளன் சீட்டை முடிந்தமட்டும் இறக்கியிருந்தான். ஏறியதே தூணைப் பிடித்துக்கொண்டுதான். வண்டி சொன்ன சொல் கேட்டது, சத்தமே இல்லை, கியர் விரல் பட்டதும் நழுவி விழுந்தது. நல்ல வண்டி, மிக நல்ல வண்டி. ஆனால் ஹேண்டில் எட்ட எட்டப் போய்க்கொண்டிருந்தது. பரணில் இருக்கும் பாத்திரத்தை எட்டி எடுக்கிறவள்போலத் தோளை நீட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. பிரேக்குக்கு விரல் நுனிதான் போயிற்று. பரவாயில்லை, பழகிக்கொள்ளலாம். கார்களுக்கு நடுவே ஒரு சுற்று. தண்ணீர்த் தொட்டி மூலையில் ஒரு பெரியவர் காரைப் பின்னால் எடுத்தார். நிறுத்த வேண்டும். காலை ஊன்றத் தரையைத் தேடினாள். தரை இல்லை. முப்பத்தி மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கே இல்லையோ அதே இடத்தில் இன்றைக்கும் இல்லை. வண்டி சாய்ந்தது, கையால் சுவரைப் பிடித்து, கம்பியில் இடித்துக்கொண்டு, எப்படியோ குதித்து நின்றாள். விழவில்லை. உள்ளங்கையில் மட்டும் சுண்ணாம்பு. "ஒண்ணும் ஆகலயேக்கா?" என்று ஓடிவந்தான் தீனதயாளன். "மொதல்ல அப்படித்தானுங்க இருக்கும். ஓட்ட ஓட்டச் சரியாயிரும். கொஞ்சம் பெருசா இருக்கறது நல்லதுதானுங்க." அவனும் இந்த ஊர்ப் பிள்ளைதான், அவனுக்குப் பாவாடைக்குப் பதில் டவுசரில் மடிப்பு வைத்திருப்பார்கள். "அதையும் ஒருக்கா பாக்கறேன் தம்பி," என்றாள் மங்கை. சொல்லும்போதே, சும்மா பார்க்கத்தான், வந்ததற்கு இரண்டையும் ஓட்டாமல் போனால் நன்றாக இருக்காது என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

புளியங்கொட்டை நிறச் சைக்கிளில் ஏறத் தூணைப் பிடிக்கவில்லை. காலைத் தூக்கிப் போட்டதும் ஏறிவிட்டிருந்தாள், அதுவே சந்தேகமாக இருந்தது. கியர் மாறும்போது கடக்கென்று ஒரு சத்தம், பின் சக்கரத்தில் எங்கோ லேசாக ஒரு முனகல். மட்டம்தான், நீலத்தோடு வைத்துப் பார்த்தால் மட்டம்தான். மெதுவாக ஒரு சுற்று போனாள், எங்கே இடிக்கப்போகிறது என்று காத்துக்கொண்டே போனாள். தோளைப் பார்த்தாள், தோள் சும்மா இருந்தது. விரல் பிரேக்கின் மேல் தானாகப் படிந்திருந்தது, குழம்புக் கரண்டியைப் பிடிப்பதுபோல. ஏதாவது ஒன்று வலிக்க வேண்டுமே. ஒன்றை மடிக்க வேண்டும், ஒன்றில் பஞ்சு வைக்க வேண்டும், நூல் சுற்ற வேண்டும். அப்படி ஏதும் இல்லாவிட்டால் அது வேறு யாருடையதோ என்று நினைக்கத்தான் அவளுக்குத் தெரியும். இதுவும் வேறொருத்தியுடையதுதான், அவளும் இவள் உயரம்போல. பழசாகி வந்திருக்கிறது, ஆனால் பொருந்திக்கொண்டு வந்திருக்கிறது, இப்படியும் வரலாம் என்று யாரும் சொன்னதில்லையே. தண்ணீர்த் தொட்டி மூலை வந்தது. கார் எதுவும் இல்லை. இருந்தாலும் நிறுத்திப் பார்த்தாள். பிரேக்கை அழுத்தினாள், சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நின்றாள். வலது கால் தரையில் இருந்தது. குனிந்து பார்த்தாள். இடது காலும் தரையில் இருந்தது. இரண்டு பாதமும், குதிகால் வரை, முழுசாக. சரிவில் இறங்கும்போது இழுத்துப் பிடித்த மூச்சை அவள் இன்னும் பிடித்துக்கொண்டே இருந்ததுபோல நெஞ்சு கல்லாக இருந்தது. இப்ப விடலாமுங்க என்று வாய்விட்டுச் சொன்னாள், மெதுவாக, ஆஸ்பத்திரிக் குரலில். மூச்சு வெளியே போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு காற்றை எங்கே வைத்திருந்தாள் என்று அவளுக்கே ஆச்சரியம். டாக்டர் சொல்லுவாரு என்று சொல்ல இங்கே டாக்டர் யாரும் இல்லை. படத்தைப் பார்த்தவளும் அவள்தான், சொல்ல வேண்டியவளும் அவள்தான்.

அவள் திரும்பி வந்தபோது தூணருகே வான்மதியும் நின்றிருந்தாள், கையில் காற்றடிக்கிற பம்ப். மங்கையின் உயரம்தான், ஒரு விரல் கூட இருக்கலாம். தன் சைக்கிளில் இன்னொருத்தி வருவதை அவள் கண்ணெடுக்காமல் பார்த்தாள், கொஞ்சம் துக்கமாகவும் பார்த்தாள். "என் அளவுக்குக் கெடைக்கவே மாட்டீன்னுருச்சுங்க்கா," என்றாள். "ஆறு மாசம் தேடுனேன். அதான் வெலயக் கொறைக்க மனசு வரல." மங்கைக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. கட்டிக்கொள்ளவில்லை, சைக்கிளிலிருந்து இறங்கவும் இல்லை. "இதையே எடுத்துக்கறேன்," என்றாள். தீனதயாளனுக்கு மனசு கேட்கவில்லை. நேர்மையான பையன். "நல்லா யோசிச்சுக்குங்க்கா. ஒரே வெலக்கி அது எவ்வளவோ ஒசத்தி. சின்னத எடுத்துட்டு அப்பறம் பத்தலன்னு வருத்தப்படக் கூடாது. பெருசுன்னா, இருக்க இருக்கச் சரியாயிக்குமுங்க." மங்கைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை, தழும்பு இருக்கும் தாடை வரைக்கும் சிரித்தாள்.

"எனக்கு நாப்பத்தாறு ஆகுதுங் தம்பி," என்றாள். "இதுக்கு மேல நான் வளர்றதா இல்ல."

வான்மதி பம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பணம் கைமாறியது. பின் டயருக்குக் காற்று வைத்துக் கொடுத்து, பத்தரமா ஓட்டுங்க்கா என்றாள், வண்டியிடம் சொன்னாளோ மங்கையிடம் சொன்னாளோ. சரிவில் ஏற முதலில் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. ஷமீம் சொன்னபடி சின்ன கியருக்கு மாற்றினாள், கடக்கென்றது, வண்டி ஏறியது. வெளியே வெயில் அவ்வளவாக இல்லை. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார். வடவள்ளி ரோட்டுக்கு வந்தபோது கைப்பைக்குள் போன் மறுபடி அதிர்ந்தது. எதை எடுத்தாள் என்று கேட்கக் கூப்பிடுகிறார். எனக்கு எடுத்தேன் என்று சொல்ல வேண்டும், வீட்டுக்குப் போய், சட்டையை மாற்றும் முன்னாலேயே சொல்ல வேண்டும். சிக்னலில் சிவப்பு விழுந்தது. பக்கத்தில் டவுன் பஸ், அந்தப் பக்கம் காய்கறி ஏற்றிய ஆட்டோ. மங்கை பிரேக்கைப் பிடித்து, இரண்டு காலையும் ஊன்றி, பச்சைக்காகக் காத்திருந்தாள்.